சாவு: ஏழு

கொட்டகை எங்களுடையது.
அதன் மேல் வாங்கிய ஒன்பது லட்சமும் எங்களுடையது,
உசிலம்பட்டிக் கிளையில், என் சங்கிலியோடு சேர்த்து.
தண்ணீர், கரண்ட், தரையில் பரப்பிய நார்த்தூள்,
நடுச்சாமத்தில் பல்பு எரிகிறதா என்று
எழுந்து போய்ப் பார்க்கிற கண்,
எல்லாம் எங்கள் செலவு.
கோழி கம்பெனியுடையது.
செத்தால் எங்களுடையது.

இப்படித்தான் எழுதியிருக்கிறதென்று
சூப்பர்வைசர் லிங்கேஸ்வரன் வாசித்துக் காட்டினான்.
நல்ல பையன். எழுமலைக்காரன்தான்.
தீவனம் எத்தனை தின்று எத்தனை சதை வைத்ததென்று
போனிலேயே கூட்டிக் கழித்துச் சொல்லிவிடுவான்.
கிலோவுக்கு ஆறு ரூபாய் நாற்பது காசு கூலி.
தின்றது கூடினால் அதிலும் பிடித்தம்.

ஒன்பதாவது பக்கத்தில் இன்னொன்று இருந்தது:
கொட்டகை வைத்த வீட்டில்
நாட்டுக்கோழி வளர்க்கக் கூடாது.
நோய் ஒட்டுமாம். அவர்கள் கோழிக்கு.
என்னிடம் ஆறு பெட்டை, ஒரு சேவல்.
செல்லம்பட்டி வியாபாரி சைக்கிளில்
தலைகீழாகக் கட்டிக்கொண்டு போனான்.

அந்த வருசம்தான் சின்னவளுக்குக் காய்ச்சல் கண்டு
மதுரை பெரிய ஆசுபத்திரியில் பதினோரு நாள்.
பேச்சியம்மனுக்குச் சேவல் நேர்ந்துகொண்டேன்,
வீட்டில் வளர்ந்த சேவல்.
நேர்ந்த பிறகுதான் உறைத்தது.
கொட்டகையில் ஐயாயிரத்து இருநூறு.
வீட்டில் ஒன்றுமில்லை.

மார்கழிக் குளிரில் குஞ்சு வந்து நாலாம் நாள்
ஆறு செத்துக் கிடந்தது.
கார்டில் அன்றைய கட்டத்தில்
ஏழு என்று எழுதினேன்.
ஏழாவது என் முந்தானையில்
கீச்சுக் கீச்சென்றது.

தை மாசம் லாரி வந்தது. ராத்திரியில்தான் வரும்.
காலைப் பிடித்துப் பிடித்துக் கூண்டில் எறிந்தார்கள்.
எண்ணிக்கை நேராக இருந்தது.
லிங்கேஸ்வரன் மெச்சிவிட்டுப் போனான்.

அடுப்படிக்குப் பின்னால் பஞ்சாரத்துக்குள்
என் திருட்டு வளர்ந்தது.
கரையான் புற்றைப் பெயர்த்து வைத்தேன்;
அதற்குக் கரையானைத் தெரியவில்லை.
காலால் கிளறத் தெரியவில்லை.
கம்பைப் போட்டால் கம்பின் மேலேயே உட்கார்ந்தது.
விளக்கை அணைத்தால் கத்தியது.
கொண்டை பார்த்தால் சேவல்,
உடம்பு மூன்று கிலோ,
குரல் மட்டும் இன்னும் குஞ்சு.

ஐம்பது நாளுக்கு மேல் கால் தாங்கவில்லை.
தவிட்டைக் குறைத்தேன். வெயிலில் விட்டேன்.
குழந்தைக்குத் தேய்ப்பது போல
வேப்பெண்ணெய் தேய்த்தேன்.
நாற்பத்திரண்டு நாளைக்குச் செய்த உடம்பு
அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல்
மூச்சு வாங்கியது.

அறுபத்து மூன்றாம் நாள்
தண்ணீர் குடிக்கத் தலையைக் குனிந்தது, நிமிரவில்லை.
நெஞ்சு நின்றுவிட்டது என்றார் ஒச்சப்பன்,
என் வீட்டுக்காரர். வேறொன்றும் சொல்லவில்லை.
குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டார்,
கம்பெனி சொன்ன ஆழத்துக்கு.

பழைய கார்டை எடுத்துப் பார்த்தேன்.
சாவு: ஏழு.
என் கையெழுத்துதான்.
ஒன்பது வாரம் பொய்யாக இருந்தது.
இனி அழித்தெழுத ஒன்றுமில்லை.

சிவராத்திரிக்கு இரண்டு நாள் முன்
சந்தையில் ஒரு செவலைச் சேவல், எண்ணூற்றைம்பது.
பூசாரி தண்ணீர் தெளித்துக்கொண்டே,
"வீட்டுக் கோழிதானே?" என்றார்.
ஆமா என்றேன்.
ஆத்தா முகத்தை நான் பார்க்கவில்லை.

சேவல் தலையை உதறிச் சம்மதம் சொன்ன நேரம்
இடுப்பில் போன் அடித்தது. லிங்கேஸ்வரன்.
வியாழக்கிழமை அடுத்த குஞ்சு இறங்குது அக்கா,
இந்தத் தடவை இருநூறு கூட.
சரி தம்பி என்றேன்.
நார்த்தூள் இன்னும் ஈரமாகக் கிடக்கிறது.
போய்க் கிளறிவிட வேண்டும்.